தலை மட்டம்

என்னைப் பற்றி ஒருவர் இங்கிலீஷில் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது என் ஆயுசில் ஒரே தடவைதான். அந்த வார்த்தையால் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

வார்த்தை இதுதான்: லெவல்ஹெட்டட். லெவல் ஒரு சொல், ஹெட் ஒரு சொல். இரண்டையும் ஒட்டவைத்து ஓர் ஆளுடைய குணமாகச் சொல்வார்கள். இது இப்போது எனக்குத் தெரியும். மெர்டேக்கா என்று மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரைக்கும் போனவள். அப்பா அதுகூட இல்லை. அம்மா தன் பெயரை மட்டும் எழுதுவாள், அதுவும் கோடு போட்டுக் கொடுத்தால்.

அப்போது நாங்கள் காஜா பெராங்கில் இருந்தோம். மலாயில் அந்தப் பெயருக்குக் கோபம் பிடித்த யானை என்று அர்த்தம். எங்கள் தெருவைத் தாண்டி ஒரு பிரசவ வீடு இருந்தது. போர்த்துகீசிய வம்சத்து அம்மா ஒருவர் அதை நடத்தினார். படித்த மருத்துவச்சி. வெள்ளைக் கவுன், கறுப்பு சப்பாத்து. ஊர் முழுக்க அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். அங்கே துணி அலசுவதும், கத்திரி கிண்ணம் எல்லாவற்றையும் வெந்நீரில் கொதிக்க வைப்பதும் என் வேலை.

சமையலுக்குப் பக்கத்தில் செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா வருவார். நெற்றி நிறையத் திருநீறு. கோயில் காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பார். ஆனால் தமிழ் வராது. அவர்கள் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பேச்சு மலாய்தான், நடுவில் இரண்டொரு தமிழ்ச் சொல் மிதக்கும். நான் அவரை மாச்சி என்று கூப்பிடுவேன். நானும் அவரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். பேசிக்கொள்வோம் என்றால் அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன்.

எனக்கு அவ்வளவு கூச்சம். கடையில் உப்பு வாங்கப் போனால் கடைக்காரர் தாமாக என்னைப் பார்க்கிற வரைக்கும் நிற்பேன். அவர் பார்க்காவிட்டால் உப்பில்லாமல் திரும்பிவிடுவேன். "உன்னை அனுப்பினதுக்கு நான் கண்ணீர் விட்டுக் கொழம்பு வெச்சிருக்கலாம், அதுலயாவது உப்பு இருக்கும்" என்பாள் அம்மா. யாராவது பெயரைக் கேட்டால் தரையைப் பார்ப்பேன். என்னைப் பெண் பார்க்க முன்பே இரண்டு வீட்டார் வந்திருந்தார்கள். இரண்டு வீட்டாரும் வாசலைத் தாண்டியதும் கேட்டது ஒரே கேள்வி: "பொண்ணுக்குப் பேச்சு வருமில்ல?"

மிஸ்ஸி அந்த வார்த்தையைச் சொல்லக் காரணமான சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலை நேரம். உள் அறையில் ஒரு பெண் வலியில் இருந்தாள். மிஸ்ஸி அவளோடு. மாச்சி பசாருக்குப் போயிருந்தார். பின்கட்டில் காற்றடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் கொஞ்சம் தள்ளித் தொட்டியில் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தேன். அடுப்பு ஒரு மாதிரி இருமியது. திரும்பிப் பார்த்தால் அடியில் ஒழுகிய எண்ணெய் தரையில் பற்றி, சுவரோரம் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னல் திரைக்கும் அதற்கும் ஒரு கை தூரம்தான். கையில் விரிப்பு இருந்தது, தண்ணீர் சொட்டச் சொட்ட. அப்படியே கொண்டுபோய் அடுப்பின் மேலும் தரையின் மேலும் போட்டேன். இன்னொரு விரிப்பை எடுத்து அதன்மேல் போட்டேன். எண்ணெய் டின்னைத் தூக்கி வெளியே வைத்தேன். உள்ளே இருக்கிற பெண் புகையைக் கண்டு பயந்துவிடக் கூடாதே என்று அறைக்கதவைச் சாத்தினேன். பிறகு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. தொட்டிக்கே போய் மிச்சத் துணியை அலச ஆரம்பித்தேன்.

பிள்ளை பிறந்த பிறகுதான் மிஸ்ஸி வெளியே வந்தார். கறுத்த சுவரைப் பார்த்தார், பொசுங்கிய விரிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் விரலால் அடுப்பைக் காட்டினேன். அன்று முதல் அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை என்றாலும், வெந்நீர்ப் பக்கம் வந்தால் என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் மூன்றாவது வரன். செமாபோக்கில் வீடு. தாயும் மகனும் மட்டும். தகப்பன் காலமான பிறகு தோட்டத்தை விட்டுப் பட்டணத்துப் பக்கம் வந்தவர்கள். மகன் கட்டடக் கொத்தனார். கூட வந்த தாய்மாமன் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். துரையோடு இங்கிலீஷில் பேசுகிறவர் என்று அம்மா முந்தின நாளே அவருக்காகப் பக்கத்து வீட்டில் பீங்கான் கோப்பை கடன் வாங்கி வைத்தாள்.

நான் காப்பித் தட்டோடு வந்தேன். எங்கள் மேசைக்கு ஒரு கால் கட்டை. வைக்கும்போதெல்லாம் ஆடும், காப்பி தட்டில் சிந்தும். அன்றும் சிந்தியது. எனக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளையாக வந்தவர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, குச்சிகளைப் பையிலேயே கொட்டிக்கொண்டு, காலிப் பெட்டியை நசுக்கி மடித்து, குனிந்து மேசைக்காலுக்கு அடியில் செருகினார். மேசையைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. பிறகு காப்பியைக் குடித்தார். எல்லோரும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மேசைக்காலைப் பார்த்தது எனக்குப் பிடித்துவிட்டது. என்னை யாரும் உற்றுப் பார்க்காத வீடாக அது இருக்கும் என்று தோன்றியது. இந்த இடம் அமைய வேண்டும் என்று ராத்திரி சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன். முன்பு வந்த இரண்டு இடத்துக்கும் அப்படிக் கும்பிடவில்லை.

அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை. மாமன் கிராணி பொறுப்பான மனிதர். பெண் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு வார்த்தை விசாரிப்போம் என்று பிரசவ வீட்டுக்கே போய், மிஸ்ஸியிடம் இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். அதற்கு அடுத்த ஞாயிறு அவர் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தார். பீங்கான் கோப்பையைத் தொடவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி" என்று அம்மாவிடம் ஆரம்பித்தார். "நான் கேட்டேன், அந்த மிஸ்ஸி சொன்னாங்க. கேட்டத மறைக்கிறது எனக்குப் பழக்கமில்ல."

"என்னண்ணே சொன்னாங்க?"

"லெவல்ஹெட்டட்டுன்னாங்க."

"அப்படின்னா?"

"லெவல்னா மட்டம். தோட்டத்துல தண்ணி ஓடுற கான் வெட்டுறப்ப லெவல் பாக்குறதுன்னா மட்டம் பாக்குறதுதான். ஹெட்டுன்னா தலை." கொஞ்சம் தயங்கினார். "தலை மட்டம்."

முதலில் புரிந்துகொண்டது அம்மா. ஆனால் அவள் புரிந்துகொண்டது வேறு.

"தலை தட்டைங்கறாங்களா?" என்று எழுந்துவிட்டாள். "யாரு பெத்த பிள்ளைத் தலையை யாரு தட்டைங்கறது? தெனம் எண்ணெய் வெச்சு, வெந்நி ஊத்தி, கையால உருட்டி உருட்டி விட்டேன்ணே நான்! ஒரு பக்கமாப் படுக்க விட்டதில்ல! பம்பளிமாஸ் கணக்கா இருக்கும் அவ தலை. ஏ பிள்ள, இங்க வா, திரும்பு, மாமனுக்குக் காட்டு!"

நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வரவில்லை.

"அது இல்ல தங்கச்சி" என்றார் அவர். முகம் சிவந்திருந்தது. "எங்கக்கா அப்படி நெனைக்கல. மூளை மட்டம், அதான் பொண்ணு பேசலன்னு நெனைக்கிறாங்க. எதுக்கும் கொஞ்ச நாள் யோசிச்சு..."

அப்பா, "வந்து சொன்னதுக்கு சந்தோஷம்" என்று மட்டும் சொல்லி, குடையை எடுத்துக் கொடுத்தார்.

கிராணி பொய் சொல்லவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பொய் சொல்கிறவர் அப்படி வியர்க்க மாட்டார். அதுதான் என்னை அழுத்தியது. மிஸ்ஸி சொல்லியிருக்கிறார். தோளைத் தட்டுகிற மிஸ்ஸி. அந்தத் தட்டு எல்லாம் பாவம் என்று தட்டியதுதானோ என்று நினைத்தேன். பேச வராத பெண், ஆறாவது வரைக்கும் போன பெண், அடுப்பு எரிந்தால் கத்தக்கூடத் தெரியாத பெண். மூளை மட்டம் என்று படித்த அம்மா சொன்னால் இருக்கும்தானே.

மறுநாள் வேலைக்குப் போனேன். வாசலிலேயே மிஸ்ஸி, "எப்போது கல்யாணம்?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். நான் தொட்டிப் பக்கம் ஓடிவிட்டேன். மாச்சி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியை வைத்தார்.

"வெங்காயம் நறுக்குவது நான். அழுகிறது நீயா?"

மாச்சியிடம் எப்படிச் சொன்னேனோ, துண்டு துண்டாகச் சொல்லிவிட்டேன். லெவல், ஹெட், மட்டம், எல்லாம். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனால் என்னைப் போல மனசுக்குள் வைத்துப் புழுங்குகிற ஆள் இல்லை. அங்கிருந்தே குரல் கொடுத்தார். "மிஸ்ஸி! இவள் தலைக்கு என்ன கேடு என்று அந்தக் கிராணியிடம் சொன்னீர்கள்?"

மிஸ்ஸி கை கழுவிய சோப்போடு வந்தார். கேட்டார். முதலில் விளங்கவில்லை, பிறகு விளங்கியது, பிறகு சுவரில் சாய்ந்து சிரித்தார். அந்தக் கறுத்த சுவரில்தான். சிரித்து முடித்து, மலாயில் சொன்னார்: "கெப்பாலா டிங்கின். நான் சொன்னது அதுதான்."

கெப்பாலா என்றால் தலை. டிங்கின் என்றால் குளிர்ச்சி. எது வந்தாலும் சூடாகாத தலை, பதறாத ஆள் என்று மலாயில் அதற்கு அர்த்தம். மாச்சி தொடையைத் தட்டினார். "கோபக்கார யானை ஊரில் ஒரு குளிர்ந்த தலை! இதற்கா அழுதாய்?"

எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதி வரவில்லை. வீட்டில் போய் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா, "நாமளாப் போயி எம்பொண்ணு தலை நல்ல தலைதான்னு சொல்ல முடியுமா?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் அடங்கிவிட்டது. மேசைக்காலில் தீப்பெட்டி மட்டும் இருந்தது. கூட்டும்போது அது நகர்ந்துவிடாமல் சுற்றிக் கூட்டினேன்.

சில நாள் போயிருக்கும். மிஸ்ஸி வெளியே பிரசவம் பார்க்கப் போயிருந்தார். நான் குந்தி உட்கார்ந்து துணி பிழிந்துகொண்டிருந்தேன். பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினால் செமாபோக் அம்மா. மாப்பிள்ளையைப் பெற்றவர். வாசல் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மகன் நின்றார், வேறு எங்கோ பார்த்தபடி.

"முட்டி வலிக்கு மருந்து கேக்கலாம்னு வந்தேன்" என்றார் அந்த அம்மா. பிரசவ வீட்டில் முட்டி வலிக்கு மருந்து கேட்க யாரும் வர மாட்டார்கள். அவருக்கும் அது தெரியும். கண் என் தலை மேலேயே இருந்தது.

"எந்திரிக்காத தாயி. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு."

திரும்பினேன். ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டு சிலை மாதிரி இருந்தேன். அவர் என் பின்னலைத் தூக்கிவிட்டு, பின்மண்டையைத் தடவிப் பார்த்தார். மேலே, காதுக்குப் பின்னால், எல்லா இடமும். என் அம்மா தட்டைத் தலை என்று கத்தியதும் அவர் காதுக்குப் போயிருக்கும்; தன் கையாலேயே பார்த்துவிட வந்திருக்கிறார்.

"உருண்டையாத்தானே இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மாச்சி சமையல் கட்டிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டார். வந்தவர் யார் என்று பார்த்ததுமே பிடிபட்டுவிட்டது. "இந்தப் பெண் கெப்பாலா டிங்கின்!" என்று மலாயில் அடித்துச் சொன்னார். "டிங்கின், டிங்கின்!" என்று தன் தலையைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

தோட்டத்திலிருந்து வந்த அம்மாவுக்கு மலாய் அரைகுறை. ஐஸ் தண்ணீர் விற்கிறவன் சொல்கிற டிங்கின் மட்டும் நன்றாகத் தெரியும்.

"தலை ஜில்லுங்குதாமா?" அவர் கை என் தலையிலிருந்து எடுபட்டது. "நீர் கோத்திருக்கா? அட முருகா! தம்பி மட்டத்தலைன்னான், இந்தம்மா சளித்தலைங்குது! பொண்ணுக்கு ஒடம்பே ஆகாதா?"

மாச்சிக்கு அந்தத் தமிழ் விளங்கவில்லை. ஆனால் தப்பாகப் போகிறது என்று முகத்தில் தெரிந்தது. இன்னும் சத்தமாக, "டிங்கின்!" என்றார். அந்த அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

இரண்டு பேருடைய பேச்சும் தெரிந்த ஆள் அங்கே நான் ஒருத்திதான். பேசாமல் இருந்தால் அந்த சைக்கிள் இனி எங்கள் பக்கம் வராது. அதுவும் தெரிந்தது. ஆனால் பேசினால் என்னைப் பற்றி நானே நல்லதாகச் சொல்ல வேண்டும். ஈரக் கையை மடியில் துடைத்துக்கொண்டேன்.

"நெதானம்" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"தலை இல்லீங்க. சளியும் இல்லீங்க. நெதானமான பொண்ணுன்னு... மிஸ்ஸி சொன்னாங்க. அதத்தான் கிராணி மாமாகிட்டச் சொன்னாங்க. நெதானம்."

"பேசுறியே!" என்றார் அந்த அம்மா.

"பேசுவேங்க. மெதுவா வரும்."

"எதப் பாத்து அப்படிச் சொன்னாங்க?"

அடுப்பைக் காட்டினேன், முன்பு மிஸ்ஸிக்குக் காட்டியது போலவே. ஆனால் இந்தத் தடவை விரலோடு நிற்கவில்லை. எண்ணெய் ஒழுகியது, விரிப்பைப் போட்டது, டின்னை வெளியே வைத்தது, கதவைச் சாத்தியது, எல்லாம் சொன்னேன். அவ்வளவு வார்த்தை ஒரே மூச்சில் நான் அதற்கு முன்பு பேசியதில்லை. சொல்லி முடித்தும் மனசு ஆறவில்லை. மிஸ்ஸி சொன்னது எனக்கே முழுதும் பொருந்துமா என்று சந்தேகம் இருந்தது. அதையும் சொல்லிவிட்டேன்.

"நெதானம்னு அவங்கதான் சொன்னாங்க. எனக்குத் தெரியலீங்க. கத்தணும்னுதான் வாயத் தொறந்தேன். சத்தம் வரல. எனக்கு எப்பவும் வராது. அதனாலதான் கத்தல."

அந்த அம்மா என்னையே பார்த்தார். வாசலிலிருந்து குரல் வந்தது. சைக்கிள்காரர்.

"சத்தம் வரல, சரி. கால் இருந்துச்சில்ல? ஓடலையே."

அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. சொல்லிவிட்டு மறுபடி வேறு எங்கோ பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா மகனைப் பார்த்தார், கறுத்த சுவரைப் பார்த்தார், என் பின்னலை எடுத்து முன்னால் போட்டுச் சரிசெய்தார். "ஈரத்துலயே குந்தியிருக்காத தாயி. நெசமாவே சளி புடிச்சிரும்" என்றார். முட்டி வலி மருந்தை மறந்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

"என்ன சொன்னாள், என்ன சொன்னாள்?" என்று மாச்சி என்னை உலுக்கினார். நான் மலாயில் சொல்ல வாயெடுத்தேன். பழையபடி தலைதான் ஆடியது.

மெர்டேக்கா வந்த வருஷமே கல்யாணம். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் புடவை எடுத்தோம். பந்தியில் கிராணி மாமாவை எல்லோரும் கேலி செய்தார்கள். அவர் அசரவில்லை. "நான் சொன்னதுல என்ன தப்பு? மட்டம்னா மட்டந்தான். கோணலா இல்லாததுக்கும் மட்டம்னுதான் பேரு. நீங்கதான் தரமில்லாத மட்டத்த எடுத்துக்கிட்டீங்க" என்றார். யோசித்தால் அதுவும் சரிதான். தமிழில் அந்த ஒரு சொல்லுக்குள் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. கேட்கிறவர் எதை எடுப்பார் என்று சொல்கிறவருக்குத் தெரியாது.

வெகுகாலம் கழித்து என் மகள் இங்கிலீஷ் படித்து வாத்தியாரம்மா ஆனாள். பெரிய அகராதியில் பார்த்துச் சொன்னாள். லெவல் என்பது இங்கிலீஷ்காரர்களுக்கே சொந்தச் சொல் இல்லையாம். அதைவிடப் பழைய ஒரு பாஷையில் சின்னத் தராசுக்கு இருந்த பெயராம். ஊர் ஊராக வந்து, கொத்தனும் தச்சனும் மட்டம் பார்க்கிற கருவிக்குப் பெயராகி, அப்புறம்தான் இங்கிலீஷில் தங்கியதாம். தலையோடு அதை ஒட்டியது அமெரிக்காவில், சாதாரண ஜனங்கள் பேச்சில்தானாம். அங்கேயும் முதல் தடவை யாரோ சொன்னபோது, எதிரில் இருந்தவர் அந்த ஆளுடைய தலையைத் தடவிப் பார்த்திருப்பாரோ என்னவோ.

"அம்மா, உங்களுக்குப் பொருந்துற வார்த்தைதான்" என்றாள் மகள். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்கு நினைவு வந்தது.

கல்யாணமான புதிது. செமாபோக் வீட்டில் மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து பையை இறக்கினார். பையில் கரணை, தூக்குக்குண்டு, ரசமட்டம். நீளமான மரக்கட்டை, நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு சின்னக் குமிழி. அதைத் தொட்டு, "இது என்னங்க?" என்று கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்விகளில் அது ஒன்று.

"லெவல்" என்றார். சொன்னதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. தரையில் வைத்துக் காட்டினார். குமிழி ஒரு பக்கமாக ஓடியது. "தரை கோணல். குமிழி நடுவுல நின்னாத்தான் மட்டம்." பிறகு என்னைப் பார்த்தார். "உக்காரு. ஒங்க மிஸ்ஸி சொன்னது சரியான்னு பாத்துருவோம்."

உட்கார்ந்தேன். ரசமட்டத்தை என் தலைமேல் படுக்க வைத்து, இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டார். என் தலைமேல் இருப்பதை நான் எப்படிப் பார்ப்பது? அவர் முகத்தைத்தான் பார்த்தேன். கட்டடத்தில் சுவரைப் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"நடுவுல நிக்குதா?" என்றேன்.

"ஆடாம இரு."

"நிக்குதா இல்லையா, சொல்லுங்க."

"நீ சிரிக்கிறத நிறுத்தினா நிக்கும்" என்றார். எனக்கு நிறுத்த வரவில்லை.